நாற்பத்தாறுக்குப் பெயர் இல்லை

வெள்ளவத்தை
14 மே 2024

அண்ணாவுக்கு,

ஒன்பது வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், யாரும் சாகவில்லை. நானும் மகள் நிலூஷாவும் சுகம். ஒரு சொல்லைப் பற்றிக் கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் கேட்க வந்தது வராது, வேறு ஏதாவதுதான் வாயில் வரும். அதனால் முத்திரை ஒட்டுகிறேன்.

நான் இன்னும் பம்பலப்பிட்டியில் யோகேஸ்வரி மிஸ்ஸின் மொழிபெயர்ப்புக் கந்தோரில்தான் டைப் அடிக்கிறேன். பிறப்புப் பத்திரமும் காணி உறுதியும் மொழிபெயர்த்தே முப்பது வருடத்தைக் கழித்த மிஸ்ஸுக்கு இப்போது புத்தகம் போடும் ஆசை வந்திருக்கிறது. கொழும்புத் தமிழர் வாயில் புழங்கும் வெளிச்சொற்கள் எல்லாவற்றையும் சேர்க்கிறா. கந்தோர் என்பதே ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்லாம். சீட்டிழுக்கிற லொத்தரும் அப்படித்தானாம். இவ்வளவு நாளும் லொத்தர் சுத்தத் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. சொல், பொருள், எங்கிருந்து வந்தது, எப்படிச் சொல்லுவார்கள். கடைசி வரியில் சொன்னவரின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். அந்த வரி வெறுமையாக இருந்தால் மிஸ் அட்டையைத் திருப்பித் தந்துவிடுவா. "ஆள் பேர் இல்லாத சொல் அநாதைப் பிள்ளை, நான் எடுக்க மாட்டன்" என்பா.

'த' வரிசை என் பங்கு. கள்ளுக் குடிக்கிற தவறணை, முகம் துடைக்கிற துவாய் எல்லாம் முடிந்தது. அடுத்து வந்தது தம்போலா. அதில் வந்து நிற்கிறேன்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். தம்போலாவா, டொம்போலாவா? அதை விளையாடுகிறோம் என்பதா, போடுகிறோம் என்பதா? சொல் எங்கிருந்து வந்தது? நம்பர்களுக்கு நீங்கள் சொல்லும் பட்டப்பெயர்கள் என்னென்ன? நூறு பேர் சொல்லுவார்கள். ஆனால் கோயில் திருநாளில் இருபத்திரண்டு வருடம் மைக் பிடித்து நம்பர் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

வேறு விஷயம் ஒன்றும் எழுத வேண்டாம். சொல்லைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

கையெழுத்து கோணலாக இருக்கும். வலது மணிக்கட்டில் வாதம். அதையும் விசாரிக்க வேண்டாம்.

செலீன்


கொட்டாஞ்சேனை
21 மே 2024
மரியே வாழ்க

அன்பான தங்கச்சி செலீனுக்கு,

தபால்காரன் வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டபோது தண்ணீர் பில் என்று நினைத்து ஆற அமரத்தான் போனேன். உறையில் உன் எழுத்து. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஹபீஸ் ஓடிவந்து, "என்ன அண்ணே, சுகமில்லையா?" என்று கேட்டான். "லொத்தர் விழுந்திருக்கு" என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றிலிருந்து என்னைக் காணும்போதெல்லாம் பிரியாணி கேட்கிறான்.

சொல்லைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னாய். சரி.

நாங்கள் சொல்வது தம்போலா. டொம்போலா என்பது கொன்வென்ட்டில் படித்தவர்களின் பேச்சு. 'இண்டைக்குக் கோயில்ல தம்போலா போடுறாங்கள்' என்போம். விளையாடுகிறார்கள் என்றும் சொல்லலாம், ஆனால் போடுவதுதான் நம் வாய்க்குப் பழக்கம். கூப்பிட்ட நம்பர்களைத் துண்டில் மறைத்துக்கொண்டு வந்து ஒரே ஒரு நம்பர் மிச்சம் இருந்தால் 'ஒண்டுக்கு நிக்கிறன்' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவுடன் சுற்றியிருப்பவர்கள் அவரைக் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்கள். துண்டு நிரம்பியவுடன் எழும்பி 'தம்போலா!' என்று கத்த வேண்டும். சும்மா கையை மட்டும் தூக்கினால் செல்லாது. அது சட்டம்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்கு அப்பா சொன்னதுதான் தெரியும். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் இத்தாலிக் கப்பல் ஒன்று பழுதாகி மாதக்கணக்கில் நின்றதாம். கப்பல்காரர் பொழுது போகாமல் மேல்தட்டில் இதை விளையாடினார்களாம். அப்பா பார்த்துவிட்டு வந்து பெட்டிப் பலகையை வெட்டித் தொண்ணூறு வட்டக் காய் செய்தார், அம்மா கோதுமை மாச் சாக்கில் பை தைத்தா. கோயிலுக்கு அது போனது அதன் பிறகுதான். பிற்காலத்தில் கமிட்டி சுற்றுகிற கம்பிக்கூடு வாங்கியது உனக்குத் தெரியும்.

நம்பர்களின் பெயர். ஒன்று, தனிக்கட்டை. ஏழு, தேவதிரவிய அனுமானம். பத்து, தேவ கற்பனை. பதினொன்று, ரெண்டு மெழுகுதிரி. பன்னிரண்டு, அப்போஸ்தலர். பதினாலு, சிலுவைப்பாதை. இருபத்திரண்டு, ரெண்டு தாரா. நாற்பது, தபசுகாலம். எண்பத்தெட்டு, ரெண்டு மாமி. (எந்த மாமிகள் என்று உனக்குத் தெரியும். மிஸ்ஸுக்குச் சொல்ல வேண்டாம்.) தொண்ணூறு, கடைசி பஸ். எல்லாவற்றுக்கும் பெயர் இல்லை. நாற்பத்தாறு, ஐம்பத்தேழு மாதிரியானவைக்கு நம்பரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன்.

இவ்வளவுதான். சொன்னவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போடாதே. ஹபீஸின் பெயரைப் போடு, அவனும் நம் திருநாளில் தம்போலா விளையாடியவன்தான். நான் இப்போது நம்பர் சொல்வதில்லை. தொண்டை சரியில்லை.

உன் கையைப் பற்றி விசாரிக்கவில்லை.

அண்ணன்
றேமண்ட்


வெள்ளவத்தை
2 ஜூன் 2024

அண்ணாவுக்கு,

பதில் கிடைத்தது. மிஸ் வாசித்துவிட்டுச் சிரித்தா. "எல்லாச் சொல்லுக்கும் ஒரு கப்பல்காரன் இருப்பான் செலீன். ஆதாரம் இருந்தா எழுதுவம். இல்லாட்டி, 'எண்டு சொல்லுவினம்' எண்டு போடுவம்" என்றா. ஆனாலும் அப்பா பாதி சரி. சொல் இத்தாலியச் சொல்தான். எங்களிடம் ஆங்கிலத்தின் வழியாக வந்திருக்க வேண்டுமாம். அந்தச் சொல்லின் அடியில் இருக்கிற வினைக்குக் குப்புற விழுவது, உருண்டு புரள்வது என்று பொருள். காய்கள் கூடைக்குள் உருண்டு புரள்வதால் அந்தப் பெயர் வந்ததாம். அங்கே டிசம்பரில் நத்தாருக்கு வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்து விளையாடுவார்களாம், எண்களை மறைக்க அவரைக்கொட்டையும் பயறும் வைப்பார்களாம். நாங்கள் புளியங்கொட்டை வைத்தோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பொருளை அட்டையில் எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். லொத்தர் விழுந்தது, சீட்டு விழுந்தது, பரிசு விழுந்தது என்றுதான் நாமும் சொல்கிறோம். விழுந்தது என்றால் ஒருவரும் கை வைக்காமல் தானாக விழுந்திருக்க வேண்டும். காய் நன்றாகப் புரள வேண்டும், எடுக்கிறவனுக்கு எது வருகிறதென்று தெரியக்கூடாது. அது இல்லாவிட்டால் தம்போலா என்று பெயர் சொல்லவே முடியாது.

அட்டை முடியவில்லை. இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, ஹபீஸின் பெயரைப் போடமாட்டேன். அவர் இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏன் உங்கள் பெயர் வேண்டாம்?

இரண்டாவது, நீங்கள் தந்த நம்பர்களில் ஒன்று குறைகிறது. முப்பத்துமூன்று. 'ஆண்டவர்ட வயசு' என்று நீங்கள் சொன்னால் பந்தலே 'ஆமென்' என்று பதில் சொல்லும். கொட்டாஞ்சேனையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர் அது. எண்பத்தெட்டின் மாமிகளை எழுதிய நீங்கள் ஆண்டவரை மறந்துவிட்டீர்களா?

சொல்லைப் பற்றி மட்டும் என்று நான்தான் எழுதினேன். நானே மீறுகிறேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

2015 திருநாள். என் மனுசன் செத்து ஆறு மாதம். என் பழைய மெசின் கறள் பிடித்துக் கிடந்தது, தைக்க வந்த துணியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். தம்போலாவின் முதல் பரிசு மோட்டர் பூட்டிய தையல் மெசின். நான் முன்வரிசையில் இருந்து, "அண்ணா, முப்பத்திமூண்டு ஒண்டுக்கு நிக்கிறன்!" என்று சிரித்துக்கொண்டு பகிடியாகக் கத்தினேன். அடுத்ததாக நீங்கள் எடுத்தது முப்பத்துமூன்று.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் கமிட்டிச் செயலாளர் நோபேட் எழும்பி, "அண்ணன் நம்பர் சொல்லுறார், தங்கச்சி மெசின் தூக்குறா. நல்ல கூத்து" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நேரே போய், பூசையிலிருந்து கொண்டு வந்து மேசையில் வைத்திருந்த வேத வாசகப் புத்தகத்தில் வலது கையை வைத்தேன். "என்ர அண்ணன் களவு செய்யேல்ல. செய்திருந்தா இந்தக் கை விளங்காமப் போகட்டும்" என்றேன். முந்நூறு பேர் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் மூச்சுவிடவில்லை.

வெளியே வந்து கேற்றடியில் உங்களிடம் கேட்டேன். "அண்ணா, சுத்தம்தானே?" நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மெசினக் கொண்டு போ." அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் கேட்டது அதுவல்ல.

இப்போது கேட்கிறேன். டொக்டர் என் கையைப் பார்த்துவிட்டு, தைத்துத் தைத்து வந்த வாதம் என்கிறார். எனக்கு வேறு நினைப்பு வருகிறது. குழந்தைத்தனம் என்று தெரியும். ஆனாலும் வருகிறது.

செலீன்


கொட்டாஞ்சேனை
30 ஜூன் 2024
மரியே வாழ்க

தங்கச்சி,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்கு முன் உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும்.

உன் முதல் கடிதத்திலேயே மணிக்கட்டு என்று பார்த்தவுடன் எனக்கு அந்த ஞாயிறுதான் கண்ணில் வந்தது. விசாரிக்க வேண்டாம் என்று நீ எழுதியது எனக்கு வசதியாகப் போய்விட்டது. நீ சத்தியம் பண்ணிய கை அது. நான் தலையைக் குனிந்துகொண்டு கதவோரம் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லி உன் கையைப் பிடித்திழுத்திருக்கலாம். இழுக்கவில்லை.

எப்படி என்று சொல்கிறேன். அந்த வருடம் கம்பிக்கூட்டின் கைபிடி முறிந்துபோனது. கமிட்டி என்னிடம் கேட்டது, நான் அலுமாரிக்கு மேலிருந்து அப்பாவின் காய்களையும் மாச் சாக்குப் பையையும் எடுத்துக்கொண்டு போனேன். அதில் ஒரு காயை மட்டும் என் விரலுக்குத் தெரியும். உனக்குப் பல் முளைக்கும்போது நீ கடித்து ஓரம் உடைத்த காய். அம்மா உன் வாயிலிருந்து அதைப் பிடுங்கியதும் நீ வீறிட்டு அழுததும் எனக்கு நல்ல ஞாபகம். முப்பத்துமூன்று.

மேடைக்குப் போகும்போது அப்படி ஒரு எண்ணம் எனக்கு இருக்கவில்லை. இதை நீ நம்பினால் நம்பு. நீ 'ஒண்டுக்கு நிக்கிறன்' என்று கத்தினாய். கறுப்புச் சட்டையோடு இருந்தாய், சிரித்தாய். உன் மனுசன் போன பிறகு அன்றுதான் உன் பல்லைப் பார்த்தேன். பைக்குள் கை விட்டேன். ஒரு காய் வந்தது. பையின் வாயருகே வைத்துப் பார்த்தேன், நாற்பத்தாறு. சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அதை உள்ளே விட்டுவிட்டு, உடைந்த ஓரத்தைத் தேடி எடுத்தேன். மைக்கில் 'ஆண்டவர்ட வயசு' என்று சொன்னேன். எல்லோரும் 'ஆமென்' என்றார்கள். களவை ஆண்டவரின் பெயரில் செய்தேன், தங்கச்சி. அதன் பிறகு அந்த நம்பரை நான் வாயால் சொன்னதே இல்லை. பஸ் நம்பரைக்கூடக் கையால்தான் காட்டுகிறேன்.

பாதரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. போய் முழங்காலில் நின்று, கோபம், பொய், ஞாயிறு பூசை தவறியது என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். தொண்டை சரியில்லை என்று உனக்கு எழுதியதும் பொய். தொண்டைக்கு ஒன்றுமில்லை. வெட்கம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதற்காகத்தான் நாலு முறை கிழித்தேன். உன்மேல் இருந்த இரக்கத்தில் செய்தேன், ஒருவருக்கும் நட்டமில்லை என்று அன்றைக்கு என்னையே தேற்றிக்கொண்டேன். விளையாட்டு முடிந்து துண்டுகளைச் சேர்க்கும்போது ஒரு துண்டில் ஒரே ஒரு நம்பர் மறைக்காமல் இருந்தது. நாற்பத்தாறு. துண்டின் பின்னால் பென்சிலில் பெயர். சீனியம்மா. கோயில் பள்ளிக்கூடம் கூட்டுகிற மனுசி. மலையகத்திலிருந்து வந்து முகத்துவாரத்தில் வரிசையாகக் கட்டிய லயன் வீடு ஒன்றில் இருந்தா, உனக்குத் தெரியும். மெசின் அவவுடையது.

அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. செபப்புத்தகத்துக்குள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

றேமண்ட்


வெள்ளவத்தை
3 ஜூலை 2024

அண்ணாவுக்கு,

சீனியம்மா அன்றைக்கு மேடையடிக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்து, "நல்லா இருங்கம்மா, புள்ளைய படிக்க வைங்க" என்று சொன்னா. உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. நீங்கள் துண்டு சேர்த்துக்கொண்டிருந்தீர்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று ஒன்பது வருடம் இருந்திருக்கிறீர்கள். எனக்கு எழுதியது போதாது. நான் ஒன்றும் பாதர் இல்லை, உங்களுக்குப் பாவமன்னிப்புத் தர. அவ எங்கே இருக்கிறா என்று தேடுங்கள். உயிரோடு இருந்தால் போய் அவவிடம் சொல்லுங்கள். மெசின் என்னிடம் நன்றாக ஓடுகிறது, ஊசி மட்டும் மாற்ற வேண்டும். ஒரு வான் பிடித்து நானே ஏற்றி அனுப்புகிறேன்.

அதுவரைக்கும் எனக்கு எழுத வேண்டாம்.

செலீன்


கொட்டாஞ்சேனை
11 ஆகஸ்ட் 2024
மரியே வாழ்க

தங்கச்சி,

இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

மூன்று தரம் முகத்துவாரம் பஸ்ஸில் ஏறி, மூன்று தரமும் இடையில் இறங்கித் திரும்பி வந்தேன். நாலாவது தரம் ஹபீஸின் ஓட்டோவில் போனேன். திரும்ப வேண்டும் என்று சொன்னால் அவன் ஏன் என்று கேட்பான். அந்தப் பயத்தில்தான் போய்ச் சேர்ந்தேன்.

சீனியம்மா இருக்கிறா. கழிமுகப் பக்கம், மகனின் வீட்டில். வேலையை விட்டு ஐந்து வருடமாம். வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தா. கையால் தடவித்தான் கல்லை எடுக்கிறா, இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. என் குரலைக் கேட்டதும், "நம்பர் ஐயாவா?" என்றா.

அந்தத் துண்டை எடுத்து அவவின் கையில் கொடுத்தேன். என்ன என்று கேட்டா. சொன்னேன். முழுவதையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவ பயறு பொறுக்குவதை நிறுத்தவில்லை.

முடித்த பிறகு அவ சொன்னதை நீ அப்படியே கேட்க வேண்டும். என்னுடைய சொல் ஒன்றும் சேர்க்காமல் எழுதுகிறேன்.

"தெரியுங்க. நான் மேடைக்குப் பக்கத்துல கீழதான குந்தியிருந்தேன். உங்க கை வெளிய வந்து, நீங்க பாத்து, திரும்ப உள்ள போனத பாத்தேன். என்னா நம்பருன்னு தெரியல. ஆனா என்னமோ மாறிப்போச்சுன்னு தெரிஞ்சுச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமை மண்டபத்துல சொல்லலாமுன்னுதான் வந்தேன். அந்த நோபேட் ஐயா பேசுனதும் நானும் எந்திரிச்சேன். அதுக்குள்ள அம்மா போயி புஸ்தகத்துல கைய வச்சிட்டாங்க. புருசன் செத்த பொம்பள, சாமி மேல சத்தியம் பண்றாங்க. நான் கூட்டுறவ, ஒங்க கோயிலுமில்ல. அதுக்கு மேல நான் என்னாத்த சொல்றது? குந்திட்டேன்."

நான் மெசினைப் பற்றிச் சொன்னேன். சிரித்தா. "ஊசியில நூல் கோக்க கண்ணு வேணுமே ஐயா. அப்ப குடுத்திருந்தா என் மகள வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். இப்ப அத வச்சு என்னா செய்ய? அம்மாவே வச்சுக்கட்டும்" என்றா. மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஏழு வருடமாம். இரண்டு முறைதான் வந்திருக்கிறாவாம்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவ துண்டைத் தடவிப் பார்த்து மடியில் வைத்தா. பிறகு சொன்னா:

"அந்த நம்பர நீங்க கடைசி வரைக்கும் கூப்புடவே இல்ல. ஒருக்கா சத்தமா கூப்புட்டுருங்க. எல்லாரும் இருக்கையில. அது போதும்."

புதுப் பாதரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பாவசங்கீர்த்தனமும் செய்தேன், இந்த முறை சில்லறை இல்லை. செப்டெம்பர் 7, சனிக்கிழமை மாலை, மாதா பிறந்த திருநாளுக்கு முந்தின நாள் தம்போலா போடுகிறார்கள். தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் மைக் எனக்கு. நோபேட்தான் இன்னும் செயலாளர். என்னைப் பார்த்துவிட்டு நிகழ்ச்சி நிரலில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை. அன்றைக்கு அங்கே என்ன நடக்கப்போகிறது என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

நீ உன் கடிதங்களில் மேலே 'மரியே வாழ்க' போடுவதில்லை. கவனித்தேன். அதற்கும் காரணம் நான்தான்.

றேமண்ட்


வெள்ளவத்தை
9 செப்டெம்பர் 2024
மரியே வாழ்க

அன்பான அண்ணாவுக்கு,

நான் வந்திருந்தேன்.

155 பஸ்ஸில் வந்து இறங்கி, கோயில் வாசலில் காவலுக்கு நிற்கிறவர்களிடம் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வந்தேன். பையைப் பார்த்த பிள்ளைக்கு என்னைத் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று. மெழுகுதிரி விற்கும் கடைக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றேன். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டேன், களவெடுக்க வந்தவள் மாதிரி.

நீங்கள் மேடையில் ஏறினபோது சில கிழவர்கள் கை தட்டினார்கள், "றேமண்ட் வந்துட்டான், இனிக் களைகட்டும்" என்று. பாவம், நீங்கள் நம்பர் சொல்ல வந்ததாக நினைத்துவிட்டார்கள். நீங்கள் சொல்லத் தொடங்கியதும் எல்லாச் சத்தமும் அடங்கியது. உங்கள் குரல் பழைய மாதிரியே தெளிவாக இருந்தது. "என்ர தங்கச்சிக்கு ஒண்டும் தெரியாது, அவ நம்பித்தான் சத்தியம் பண்ணினவ" என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த இடத்தில் எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

பின்வரிசையில் ஒருவன் ஊளையிட்டான். "மெசின் எங்க, மெசின் எங்க" என்று சிங்களத்தில் ஒரு குரல் கேட்டது, சிரிப்பும் கேட்டது. நோபேட் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒன்பது வருடமாகப் பொய்யன் என்று பெயர் கேட்டவர் அவர், அவரையும் நாம் மறந்துவிட்டோம். அப்போது நீங்கள் அப்பாவின் மாச் சாக்குப் பையைத் தூக்கிக் காட்டினீர்கள். உள்ளே கையை விட்டு ஒரே ஒரு காயை எடுத்து எல்லோருக்கும் தெரியப் பிடித்தீர்கள்.

"நாப்பத்தாறு" என்றீர்கள். கொஞ்சம் நிறுத்தி, "சீனியம்மா" என்றீர்கள். பதினாலு, சிலுவைப்பாதை என்று சொல்லும் அதே ராகத்தில்.

மகனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்த அந்த மனுசி மெல்ல எழும்பினா. கையைத் தூக்கவில்லை. தொண்டையிலிருந்த பலம் முழுவதையும் சேர்த்து, "தம்போலா!" என்று கத்தினா. சிரித்துக்கொண்டிருந்தவர்களின் சிரிப்பு நின்றது. பிறகு பாதர் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். நான் தட்டவில்லை. ஜெனரேட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நீங்கள் கீழே இறங்கி என்னைத் தேடியதைப் பார்த்தேன். வாசல்வரை வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தீர்கள். பத்தடி தூரத்தில்தான் நின்றேன். கால் வரவில்லை அண்ணா.

நீங்கள் மேடையில் எனக்குத் தெரியாது என்று சொன்னது உண்மையில்லை. சத்தியம் பண்ணும்போது எனக்குத் தெரியாது. கேற்றடியில் நீங்கள் "மெசினக் கொண்டு போ" என்ற நிமிடமே தெரிந்துவிட்டது. களவு செய்யாதவன் அப்படிப் பதில் சொல்லமாட்டான். தெரிந்துகொண்டே கொண்டு வந்தேன். வெள்ளவத்தைக்கு வீடு மாறியதும் உங்களோடு பேசாமல் விட்டதும் கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பேசினால் நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள், சொன்னால் மெசினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பயம்தான். ஒன்பது வருடம் கந்தோர் விட்டு வந்து இரவில் அதில்தான் தைத்தேன். நிலூஷாவின் படிப்பு முழுக்க அதில் வந்தது. அவ்வளவு காலமும் உங்களைக் கள்ளன் என்று மனசுக்குள் ஏசிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன்.

சீனியம்மா உங்களால் மட்டும் உட்காரவில்லை. நோபேட் பேசியதும் அவ எழும்பினவ. என் சத்தியம்தான் அவவை உட்கார வைத்தது. அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்கு மணிக்கட்டு வலி ஒரு பொருட்டாகவே இல்லை.

நேற்றுப் பின்னேரம் முகத்துவாரம் போனேன். அவவின் காலடியில் இருந்து சொன்னேன். "பரவால்லம்மா, புள்ள படிச்சிருச்சுல்ல" என்று என் தலையைத் தடவினா. அதோடு முடிந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் நான் முந்நூறு பேருக்குக் கேட்கப் பண்ணிய சத்தியத்தை அவவின் வீட்டு வாசலில் இருந்து இரகசியமாகத் திருப்பி எடுக்கலாமா? நீங்கள் மைக்கில் சொன்னீர்கள். நான் ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்றேன்.

பாதருக்குப் போன் எடுத்தேன். 15ஆம் திகதி ஞாயிறு காலைப் பூசையில், அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில் எனக்கு இரண்டு நிமிடம் தருகிறார். அதே வாசகப் புத்தகத்தில் அதே கையை வைத்துச் சொல்ல வேண்டும். நோபேட்டிடமும் எல்லோருக்கும் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை மெசினை விற்கிறேன், சீனியம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு. அவ வேண்டாம் என்றா. அவவின் மகனிடம் பேசிவிட்டேன்.

அட்டை முடிந்துவிட்டது. பொருள், உருண்டு புரள்வது. வந்த இடம், இத்தாலி. கப்பலைப் பற்றி, 'என்று சொல்லுவார்கள்.' சொன்னவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுதியிருக்கிறேன். றேமண்ட், கொட்டாஞ்சேனை. சீனியம்மா, முகத்துவாரம். மிஸ் வாங்கி வாசித்துவிட்டுப் பெட்டியில் போட்டா.

ஞாயிறு நீங்கள் முன்வரிசை வாங்கில் இருக்க வேண்டும். நான் அங்கே போய் நின்று வாய் திறக்க முடியாமல் நின்றேன் என்றால், நீங்கள் இருந்த இடத்திலிருந்தே நாற்பத்தாறைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். மிச்சத்தை நான் சொல்லுவேன்.

தங்கச்சி
செலீன்